கடல் வளைந்து தெரிகிறதா? மாற்றியமைத்த பனோரமா ஃபிலிம் கேமராவில் பிழை பிடிக்கும் வழி

புதுச்சேரி, கடலூர் பக்கம் பழைய கேமராவைப் பிரித்துப் பனோரமாவாக மாற்றிக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சப் பேர் இருக்கிறோம். முதல் ரோல் கழுவி வந்ததும் பெரும்பாலும் ஒரே புகார்தான் வரும்: “லென்ஸ் வளைக்குது, வேற லென்ஸ் பாக்கணும்.” லென்ஸ் வளைத்த கேஸ்களும் உண்டு. ஆனால் நான் பிரித்துப் பார்த்தவற்றில் பெரும்பாலானவை ரசமட்டம், ஸ்கேன், ஃபிலிம் சரியாகப் படியாதது, லென்ஸ் பலகை (லென்ஸை மாட்டும் தட்டு) கோணலாக இருப்பது ஆகியவற்றில் ஒன்றாகத்தான் முடிந்தன. இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாத காரணத்தை முதலிலும் காசு கரைக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

உங்களுடையது எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். லென்ஸ் அசையாமல் நின்று படம் எடுப்பது ஒரு வகை. 6x17, 6x12 (படத்தின் அளவு, செ.மீ.யில்) பெட்டியில் 90 அல்லது 65 மி.மீ. பெரிய வடிவ (லார்ஜ் ஃபார்மட்) லென்ஸ் மாட்டியவையும், 120 ஃபிலிம் போடும் மீடியம் ஃபார்மட் உடம்பில் 35 மி.மீ. ஃபிலிம் ஓட்டுபவையும் இதில் வரும். ஹொரைசான், வைட்லக்ஸ் மாதிரி லென்ஸ் உருளையோடு சுழன்று படம் எடுப்பது இன்னொரு வகை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்குச் சொன்னதை மற்றதில் செய்தால் நேரம்தான் வீண்.

எல்லாவற்றுக்கும் முன்: நெகட்டிவைப் பாருங்கள், ஸ்கேனை அல்ல

போனில் வெள்ளைத் திரையைப் போட்டு, ஒரு மெல்லிய கண்ணாடித் தட்டை வைத்து, அதன்மேல் நெகட்டிவைப் படிய வையுங்கள். பளபளப்பான பக்கம் மேலே இருக்கட்டும், உறையையும் கழற்ற வேண்டாம். இப்போது ஸ்டீல் ஸ்கேலைத் தொடுவானக் கோட்டோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். நெகட்டிவில் கோடு நேர், ஸ்கேனில் வளைவு என்றால் கேமராவைத் தொடாதீர்கள்.

ஸ்கேனில் வளைவதற்கு இரண்டு காரணம்தான் அடிக்கடி வருகிறது. ஒன்று, ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் நீள நெகட்டிவ் ஹோல்டருக்குள் தொட்டில் மாதிரி தொங்குவது. நியூட்டன் வளையம் (கண்ணாடியும் ஃபிலிமும் ஒட்டும் இடத்தில் தெரியும் நிறவளையம்) பிடிக்காத கண்ணாடியை மேலே வைத்து அழுத்தினால் சரியாகிவிடும். இன்னொன்று, டிஜிட்டல் கேமராவால் துண்டு துண்டாக எடுத்து ஒட்டுவது. ஃபோட்டோஷாப்பின் ஃபோட்டோமெர்ஜில் ‘ஆட்டோ’ என்று விட்டால் அது சில சமயம் ‘சிலிண்ட்ரிக்கல்’ அல்லது ‘பெர்ஸ்பெக்டிவ்’ முறையை எடுத்துக்கொண்டு, நேராக இருந்த கடலைத் தானே வளைத்துவிடும். ‘ரீபொசிஷன்’ என்று மாற்றி ஒட்டுங்கள். நெகட்டிவ் தட்டையான பொருள். அதற்கு நகர்த்துதல் போதும், வளைத்தல் தேவையில்லை.

அறிகுறி 1: தொடுவானம் வளைகிறது

நமக்கு ஒரு வசதி உண்டு. நூல் பிடித்தாற்போல ஒரு கோடு கிழக்கே எப்போதும் இருக்கிறது. கடற்கரைச் சாலையிலோ தேவனாம்பட்டினத்திலோ போய் நில்லுங்கள். காலையில் சூரியன் எதிரே இருப்பதால் தொடுவானம் மங்கிவிடும், மாலை நாலு மணி வாக்கில் போவது நல்லது. முக்காலியில் மூன்று படம் எடுங்கள்: தொடுவானம் ஃபிரேமின் மேல் பகுதியில், நட்டநடுவில், கீழ்ப் பகுதியில்.

(பூமி உருண்டை என்பதால் வளைகிறது என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். கரையில் நிற்கும் ஆளுக்குத் தொடுவானம் 5 கி.மீ. தூரம்கூட இல்லை. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் எந்த லென்ஸிலும் பூமியின் வளைவு தெரியாது.)

*லென்ஸ் அசையாத கேமரா என்றால்*

நடுவில் நேர், மேலே வைத்தபோது நடு உயர்ந்த வில், கீழே வைத்தபோது நடு தாழ்ந்த வில்: இது பேரல் வளைவு, லென்ஸின் குணம். மேலே வைத்தபோது நடு தாழ்ந்தும் கீழே வைத்தபோது நடு உயர்ந்தும் இருந்தால் பின்குஷன், இதுவும் லென்ஸ்தான். மூன்றிலும் ஒரே பக்கம் வளைந்தால் லென்ஸ் மேல் பழி போடாதீர்கள். மறுபடி ஸ்கேனைப் பாருங்கள், அடுத்து ஃபிலிம் படிகிறதா என்று பாருங்கள் (அறிகுறி 4).

இந்த வகையில் கேமராவை மேலேயோ கீழேயோ சாய்த்தாலும் நேர்கோடு நேராகத்தான் விழும். அதனால் இங்கே ரசமட்டத்தைச் சரிசெய்து வளைவைப் போக்க முடியாது.

பேரல் என்று உறுதியானால், முதலில் லென்ஸ் முகத்தில் திருகிய வைட் அடாப்டர் ஏதாவது இருந்தால் கழற்றுங்கள். பாதி கேஸ் அங்கேயே முடியும். அப்படி எதுவும் இல்லை, மாட்டியிருப்பது எஸ்.எல்.ஆர். கேமராவின் வைட் லென்ஸ் என்றால், அது கேமராவுக்குள் இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடிக்கு இடம் விட்டு வடிவமைத்தது. அந்த வகையில் கொஞ்சம் பேரல் சகஜம். ஸ்கேன் செய்தபின் மென்பொருளில் திருத்துவதுதான் மலிவு. அதிலும் மனம் ஒப்பவில்லை என்றால்தான் சூப்பர் ஆங்குலான், கிராண்டகான் மாதிரி முன்னும் பின்னும் சமச்சீராகக் கட்டிய பெரிய வடிவ லென்ஸ் பக்கம் போக வேண்டும். அவற்றில் கண்ணுக்குத் தெரிகிற வளைவு இருக்காது. இருந்தால் அது லென்ஸ் செய்த வேலை அல்ல.

*லென்ஸ் சுழலும் கேமரா என்றால்*

இங்கே கதை தலைகீழ். தொடுவானம் வளைந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு கேமரா சாய்ந்திருக்கிறது.

நடு உயர்ந்து இரு முனையும் தாழ்ந்தால், கேமரா கீழே பார்த்திருக்கிறது. நடு தாழ்ந்து முனைகள் உயர்ந்தால், மேலே பார்த்திருக்கிறது. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி லேசாக நெளிந்தால், இடவலமாகச் சாய்ந்திருக்கிறது. 28 மி.மீ. லென்ஸ் உள்ள ஹொரைசான் 202, 120 டிகிரி பார்க்கும். அது 3 டிகிரி குனிந்தாலே நெகட்டிவில் முக்கால் மில்லிமீட்டர் வளைவு விழும். பெரிதாக்கினால் கடல் மலை போல் நிற்கும்.

“ரசமட்டம் பார்த்துத்தான் எடுத்தேன்” என்றால் ரசமட்டத்தையே சோதியுங்கள். கொத்தனார் செய்வதுதான்: கேமராவை மேசைமேல் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பாருங்கள், அதே இடத்தில் கேமராவை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி பாருங்கள். குமிழி அதே கேமரா முனைப் பக்கம் ஒதுங்கினால் மட்டம் பொய் சொல்கிறது. மேசை கோணல் என்றால் குமிழி மேசையின் ஒரே பக்கத்தில் நிற்கும். உடம்பில் ஒட்டிய மட்டம் பொய் சொன்னால், ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் செருகும் சின்ன மட்டம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதையும் இதே மாதிரி சோதிக்காமல் நம்பாதீர்கள்.

கடல் நேராக இருக்கிறது, ஒயிட் டவுனில் எடுத்த நீள மஞ்சள் மதில் மட்டும் நடுவில் பெருத்து முனைகளில் சூம்புகிறது என்றால், அது பழுது அல்ல. சுழலும் லென்ஸ் எதிரே நீளும் சுவரை அப்படித்தான் காட்டும். நேரே நின்று எடுக்காமல், வீதி முனையில் நின்று இரண்டு வீதிகளும் இருபுறமும் ஓடும்படி எடுங்கள்.

அறிகுறி 2: ஓரத்தில் நிற்பவர்கள் அகலமாகிறார்கள்

அசையாத லென்ஸில் இது பழுது இல்லை, சரிசெய்யவும் முடியாது. 6x17-இல் 90 மி.மீ. லென்ஸ் போட்டால், ஓரத்துத் தலை உயரத்தைவிட ஏறக்குறைய 1.37 மடங்கு அகலமாக விழும். நடுவுக்கும் ஓரத்துக்கும் பாதி வழியில் அது 1.1 மடங்குதான். கல்யாண வீட்டுக் குழுப்படத்தில் மனிதர்களை அந்தப் பாதிக்குள் நிறுத்துங்கள், ஓரத்துக்கு வாழைமரமும் பந்தலும் போகட்டும். லென்ஸை மாற்றி லாபமில்லை. அதே கோணத்தை எந்த நேர்க்கோட்டு லென்ஸில் (நேர்கோட்டை நேராகவே காட்டும் லென்ஸ்) எடுத்தாலும் இதே கணக்குதான்.

சுழலும் கேமராவில் நின்றவர்கள் ஒழுங்காக விழுவார்கள். நகர்பவர்கள்தான் கெடுவார்கள். லென்ஸ் வருடிச்செல்லும் திசையிலேயே ஓடும் பைக் நீளும், எதிர்த்து வருவது குறுகும். வைத்திக்குப்பத்தில் மாசி மகக் கூட்டத்தை எடுக்கும்போது இதைப் பழுது என்று நினைத்துக் கேமராவைப் பிரித்துவிடாதீர்கள்.

அறிகுறி 3: ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் மங்கல்

நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். முதலில் ஒரே கேள்வி: எல்லா ஃபிரேமிலும் அதே பக்கமா? ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறினால் ஃபிலிம்தான், அறிகுறி 4-க்குப் போங்கள். அதே பக்கம் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

*காசில்லாத சோதனை.* பின்பக்கத்தைத் திறந்து, ஃபிலிம் படியும் தண்டவாளத்தின் மீது மங்கலான ஒட்டுநாடாவை இறுக்கமாக ஒட்டுங்கள். ட்ரேசிங் பேப்பரும் ஆகும், ஆனால் அது தொய்யும். ஷட்டரை ‘டி’-யில் (நாம் மூடும்வரை திறந்தே நிற்கும் நிலை) திறந்து, அப்பர்ச்சரை (லென்ஸின் துவாரம்) முழுதாகத் திறந்து, தூரத்துச் செல்போன் கோபுரத்தைப் பாருங்கள். கேமராவைத் திருப்பிக் கோபுரத்தை இடமுனைக்கும் வலமுனைக்கும் கொண்டுவந்து, இரண்டு இடத்திலும் உருப்பெருக்கியால் பாருங்கள். வேறுபாடு அப்போதே தெரியும், ஒரு ரோல் மிச்சம்.

*லென்ஸா, பலகையா?* பின்வளையத்தைத் தளர்த்தி, லென்ஸை அதே பலகையில் அரைச் சுற்றுத் திருப்பி இறுக்குங்கள். மங்கல் மறுபக்கம் போனால் லென்ஸின் உள்துண்டு அச்சு விலகியிருக்கிறது. அதைத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். மங்கல் அசையாமல் அதே பக்கம் நின்றால் பலகையோ பெட்டியோ கோணல், இது நம் கைக்குள் அடங்கும் வேலை.

*கோணலை அளப்பது.* வெர்னியரால் லென்ஸ் பலகையின் முகத்திலிருந்து தண்டவாளம் வரை நாலு மூலையிலும் அளந்து எழுதுங்கள். 0.3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சரிசெய்வது நல்லது. சாதாரண பிரிண்டர் தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன். தாழ்ந்த மூலைகளில் தாள் பட்டைகளைக் கொடுத்து, மறுபடி ஒட்டுநாடாச் சோதனை செய்து, சரியானபின் அதே தடிமனில் பித்தளைத் தகடு வெட்டி வையுங்கள். தாளையே நிரந்தரமாக விட்டால் மழைக்காலத்தில் ஊறும்.

*3டி பிரிண்ட் பெட்டி என்றால்* இன்னொரு சந்தேகமும் உண்டு. பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளக ஆரம்பிக்கும். கத்திரி வெயிலில் பூட்டிய காரில் டாஷ்போர்டு அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். போன மாதம் நன்றாக இருந்தது, இந்த மாதம் கோணல் என்றால், கேமரா எங்கே கிடந்தது என்று கேளுங்கள். கோணியதைச் சூடு காட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள், அடுத்த வெயிலில் மறுபடி கோணும். லென்ஸுக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள கூம்பை மட்டும் பெட்ஜி அல்லது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் மறுபடி அச்சிடச் சொல்லுங்கள். கறுப்புக்குப் பதில் வெளிப்பக்கம் வெள்ளை பூசினாலும் கொஞ்சம் தாங்கும்.

*இரண்டு பக்கமும் மங்கல், நடுவும் மங்கல்* என்றால் கோணல் இல்லை, லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரம் தவறு. 90 மி.மீ. லென்ஸின் ஃபோகஸ் முடிவிலியிலிருந்து (வெகுதூரம்) 10 மீட்டருக்கு வர, லென்ஸ் நகர்வது 0.8 மி.மீ. மட்டுமே. ஒரு மில்லிமீட்டர் பிசகினால் முடிவிலி என்ற பேச்சே இல்லை. எஃப்/22-க்கு மூடினால் அந்த ஒரு மில்லிமீட்டரைப் பெரும்பாலும் மறைத்துவிடலாம். வெளிச்சம் நிறைய உள்ள ஊர், அப்படியே காலம் தள்ளுபவர்களும் இருக்கிறார்கள். எஃப்/8-இல் கூர்மை வேண்டும் என்றால், அந்தத் தூரத்தைச் சரிசெய்ய லென்ஸுக்கு அடியில் வைக்கும் ஸ்பேசர் வளையம் கடைய வேண்டும். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் எந்த லேத்துப் பட்டறையிலும் அலுமினியத்தில் கடைந்து தருவார்கள். அளவை 0.1 மி.மீ. சுத்தமாக எழுதிக் கொடுங்கள். பழைய வளையத்தை மாதிரிக்குக் கொடுக்கலாம், லென்ஸைக் கொடுக்காதீர்கள். லென்ஸின் மரையைக் கடைந்து பொருத்துகிறேன் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அறிகுறி 4: ஒரு ஃபிரேமில் நேர், அடுத்ததில் நெளிவு, நடுவில் மட்டும் மங்கல்

ஃபிலிம் தட்டையாகப் படியவில்லை. 6x17-இல் 168 மி.மீ. நீளத்துக்கு ஃபிலிம் தாங்கலில்லாமல் கிடக்கிறது, அது பொங்கத்தான் செய்யும்.

முதலில், படம் எடுக்கும் சற்று முன் மட்டும் சுற்றுங்கள். சுற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், கடற்காற்று ஈரத்தில் ஃபிலிம் உப்பிவிடும். அடுத்து, சுருள் இழுவையைப் பாருங்கள். கழற்றிய ரோல் விரலால் அமுக்கினால் தளர்வாக இருந்தால் இழுவை போதாது. கொடுக்கும் பக்கத்துச் சுருளுக்கு அடியில் சின்ன ஃபெல்ட் துண்டு ஒட்டினால் இறுகும்.

அப்புறம் பிரஷர் பிளேட், அதாவது ஃபிலிமைப் பின்னாலிருந்து அழுத்தும் தகடு. இங்கே ஸ்பிரிங் துருப்பிடிப்பது நிச்சயம், எத்தனை வருஷத்தில் என்பதுதான் கேள்வி. நாலு மூலையையும் விரலால் அழுத்தி, ஒரே மாதிரி மீள்கிறதா என்று பாருங்கள். 120 கேமராவில் 35 மி.மீ. ஃபிலிம் ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 120-இல் ஃபிலிமுக்குப் பின்னால் காகிதம் உண்டு, 35-இல் இல்லை. அந்த இடைவெளியில் ஃபிலிம் ஆடும். பிளேட்டில் மெல்லிய வழவழப்பான தகடு ஒட்டி நிரப்புங்கள். சொரசொரப்பாக இருந்தால் நீளக் கீறல்தான் மிச்சம்.

அறிகுறி 5: செங்குத்துப் பட்டைகள் (சுழலும் கேமரா மட்டும்)

வானத்தில் வெளிர், கறுப்பு என்று மேலிருந்து கீழாகப் பட்டை விழும். உருளை ஒரே சீராகச் சுற்றவில்லை, அங்கங்கே தயங்குகிறது. மெதுவான ஷட்டர் வேகத்தில்தான் அதிகம் தெரியும், அதனால் முதல் வைத்தியம் 1/125, 1/250-இல் எடுப்பது. அதிலும் பட்டை இருந்தால் ஃபிலிம் போடாமல் ஷட்டரை ஓட்டி, போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்கள். தயக்கம் கண்ணுக்கே தெரியும். எப்போதும் ஒரே இடத்தில் தயங்கினால் பல்சக்கரத்தில் மணலோ உடைந்த பல்லோ, எல்லா இடத்திலும் தயங்கினால் காய்ந்த கிரீஸ்.

உருளை இடுக்கில் மென்தூரிகையாலும் ஊதுகுமிழாலும் சுத்தம் செய்யலாம். அதோடு நிறுத்துங்கள். டபிள்யூ.டி. 40 அடிக்கவே வேண்டாம். அது பல்சக்கரத்தை விட்டு லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் போய்விடும். உருளையைக் கழற்றுவது மெக்கானிக் வேலை, ஸ்பிரிங்கின் முறுக்கை எண்ணிக்கொள்ளாமல் கழற்றினால் அவருக்கும் தலைவலி.

சுழலும் கேமராவில் லென்ஸையே மாற்றிப் பொருத்தியவர்களுக்கு ஒரு தனி அறிகுறி உண்டு. கிடைக்கோடு கூர்மை, நிற்கும் கோடு மட்டும் பக்கவாட்டில் இழுபட்ட மாதிரி. காந்தி சிலையைச் சுற்றியுள்ள கருங்கல் தூண்களை எடுத்துப் பாருங்கள், படிக்கட்டு கூர்மையாக இருக்கும், தூண்கள் இழுபடும். லென்ஸ் சுழல வேண்டிய புள்ளியில் சுழலவில்லை, அல்லது அதன் குவியத்தூரமும் ஃபிலிம் வளைவின் ஆரமும் ஒத்துப்போகவில்லை. தாள் வைத்து ஒப்பேற்ற முடியாது. பழைய லென்ஸ் கையில் இருந்தால் அதையே திரும்பப் போடுவதுதான் என் யோசனை.

அறிகுறி 6: மூலைகள் இருட்டு

மெல்ல மெல்ல இருட்டினால் இயல்பு. 90 மி.மீ. லென்ஸில் 6x17-இன் ஓரம் நடுவைவிட ஏறக்குறைய 1.8 ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). நெகட்டிவ் ஃபிலிமில் ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கொடுத்தால் சமாளிக்கலாம், ஸ்லைடு என்றால் நடுவை மட்டும் இருட்டாக்கும் சென்டர் ஃபில்டர் தேவை. அது விலை கூடியது, கூடவே ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் தின்னும்.

கத்தரித்தாற்போல வில்வடிவில் இருட்டினால் ஏதோ மறைக்கிறது. பின்பக்கம் திறந்து, ஃபிலிம் சட்டத்தின் மூலையில் கண்ணை வைத்து லென்ஸைப் பாருங்கள். முழு வட்ட ஓட்டை தெரிய வேண்டும். மறைப்பது ஃபில்டரா, ஹுட்டா, கூம்பின் உள்விளிம்பா என்று அப்போதே தெரியும். எதுவுமே மறைக்காமல் படம் கத்தரித்தால் லென்ஸின் பட வட்டம் (ஃபிலிம்மீது அது விழவைக்கும் வட்டப் படம்) போதவில்லை. 6x17-க்கு குறைந்தது 177 மி.மீ. வட்டம் வேண்டும், 6x12-க்கு சுமார் 125. 24x65 மி.மீ. அளவுக்கு 70 மி.மீ. போதும், அதாவது 6x4.5 கேமரா லென்ஸே விளிம்பு வரை எட்டும். இங்குதான் உண்மையிலேயே வேறு லென்ஸ் வாங்க வேண்டிவரும். அல்லது படத்தின் நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி 7: கோபுரம் பின்னால் சாய்கிறது

கேமராவை அண்ணாந்து வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். 6x17-இல் 90 மி.மீ. லென்ஸ் உயரவாக்கில் 35 டிகிரிதான் பார்க்கும். திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீஸ்வரர் கோயில் கோபுரத்தைச் சன்னதித் தெருவில் கிட்ட நின்று இதில் அடக்க முடியாது. பின்னால் போங்கள், அல்லது பலகையில் லென்ஸ் ஓட்டையை மேலே தள்ளிப் போட்ட இன்னொரு பலகை செய்துகொள்ளுங்கள். பெரிய வடிவ லென்ஸ்களில் அதற்குப் பட வட்டம் மிச்சம் இருக்கும்.

மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டியவை

லென்ஸை அரைச் சுற்றுத் திருப்பியபோது மங்கலும் கூடவே நகர்ந்தது, லென்ஸுக்குள் பூஞ்சை வலை, ஒட்டிய கண்ணாடிகளுக்கு நடுவே வானவில் நிறத்தில் பிரிவு, ஹெலிகாய்டு (ஃபோகஸுக்கு லென்ஸை நகர்த்தும் மரை) இறுகிப்போனது, உருளை தயங்குவது. இவற்றில் நாம் கைவைத்தால் செலவு கூடும். பூஞ்சை கோட்டை வளைக்காது, படத்தை வெளிறச் செய்யும், ஆனால் விட்டால் கண்ணாடிப் பூச்சை அரிக்கும். கடலோரத்தில் சிலிக்கா ஜெல் போட்ட இறுகிய டப்பா இல்லாமல் லென்ஸ் வைக்காதீர்கள்.

கொடுக்கும்போது கேமராவோடு மூன்று தொடுவானப் படங்களின் நெகட்டிவ், நாலு மூலை அளவு எழுதிய தாள், ஸ்லோ மோஷன் வீடியோ இருந்தால் அது, எந்தப் பக்கம் மங்கல் என்று உடம்பில் ஒட்டிய ஒரு துண்டு நாடா, இவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். “படம் சரியில்லை” என்று மட்டும் சொன்னால் அவர் முழுதாகப் பிரித்துத்தான் தேடுவார், கூலியும் அதற்குத்தான்.